வெற்று வரி

ஜூன் 16, ஞாயிறு

சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை ஊற்றச் சொல்லவில்லை. சமையல் ஆட்கள் ஆடி அசைந்து வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான். இடுப்பில் செருகியிருந்த போன் உறுமியது. எடுத்துப் பார்த்தேன். “செல்லமுத்து அண்ணன் காலமானார்” என்று எஸ்தர் சிஸ்டர் எங்கள் குரூப்பில் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

வெள்ளிக்கிழமை அவர் கட்டிலருகே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் வேண்டும் என்று கேட்டவர். கரண்டி சாய்ந்து மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் பாயசம் முழுக்கக் கொட்டிவிட்டது. வேட்டி போனது பெரிய விஷயமில்லை, நான் அழுததுதான் விஷயமாகிவிட்டது. நல்ல காரியத்தில் இதென்ன அழுகை என்று சித்தி அடுக்களைக்கு இழுத்துப்போய்த் திட்டினாள்.

சாவுச் செய்தி வருவதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?

ஜூன் 18, செவ்வாய்

“நிழற்குடை” அலுவலகத்தில் கூட்டம். கூட்டம் என்றால் நாலு பேர். வீட்டோடு படுத்துவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற அமைப்பு எங்களுடையது. குணமாக்க அல்ல, வலி தெரியாமல் வைத்திருக்க. டாக்டர் பர்வீன், நர்ஸ் எஸ்தர் சிஸ்டர், வேன் ஓட்டும் மயில்சாமி அண்ணன், நான். காலையில் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, பிற்பகலில் இங்கே. யார் வீட்டுக்கு யார், என்றைக்கு, எதை எடுத்துக்கொண்டு போவது என்பதெல்லாம் என் பொறுப்பு.

“குரூப்பே வேண்டாம்,” என்றேன்.

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கறது வாணி?” என்றார் டாக்டர். “போன வருஷம் கலர் கலராக் கட்டம் போட்ட ஆப் ஒண்ணு வெச்சோம். மயில்சாமி அண்ணன் போன்ல அது தொறக்கவே இல்ல.”

“தொறந்துச்சுங் டாக்டர். மூடத்தான் முடியலீங்.”

நான் சொன்ன யோசனை இது. வெறும் எழுத்து மட்டுமே உள்ள ஒரு கோப்பு. பெயர் “திட்டம்”. வண்ணம் இல்லை, கட்டம் இல்லை, எந்தப் பழைய போனிலும் திறக்கும், எல்லோரும் எழுதலாம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. நாள், பெயர், தெரு, செய்ய வேண்டியது. போய்விட்டு வந்தவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு அடுத்த தேதியை மாற்றிவிட வேண்டும்.

ஒருவர் இறந்துவிட்டால் அந்த வரியை அழித்து அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும். அறிவிப்பு வேண்டாம், கைகூப்பும் படம் வேண்டாம். கோப்பைத் திறக்கிறவர் தனக்குத் தெம்பிருக்கும் நேரத்தில் திறந்து, பார்த்து, மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம். யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சனிக்கிழமை அந்த வெற்று வரியை நான் மூடிவிடுவேன்.

“சர்ச்ல மௌனமா நிப்போமே, அது மாதிரி,” என்றார் எஸ்தர் சிஸ்டர். அவருக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முதுகை நானே தட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நானும் வேனில் போவேன். பதிவுகளைச் சரிபார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

கடைசி வீடு துளசிமணி டீச்சர். நார் மில் சந்தில் ஒற்றை அறை. பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் திருப்பூரில். புற்று முதுகெலும்புக்குப் போய் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கழுத்தில் இன்னும் அந்தப் பள்ளிக்கூட விசில் தொங்குகிறது. ஊதினால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வருவாள்.

“அப்ப ஊதினா முந்நூறு புள்ளைங்க வரிசையா நிக்கும். இப்ப ஒரு பாக்கியம் வர்றா. இதுவே பெருசுதான்,” என்றார். அடுத்த நொடியே என்னைப் பார்த்து, “முதுக நிமித்து அம்மிணி. கம்ப்யூட்டர் உன்னத் தின்னுட்டு இருக்குது.”

நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்பின் மாத்திரை. அதை மருந்துக் கடையில் வாங்க முடியாது. எங்கள் கையால்தான் கிடைக்கும், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மாத்திரை இருந்தால் டீச்சர் செய்தித்தாள் படிப்பார், கபடி பார்ப்பார், என்னைத் திட்டுவார். எங்களிடம் வருவதற்கு முன் மாத்திரை இல்லாமல் இருந்த நாட்களைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். “செவுத்தக் கடிச்சேன் கண்ணு.” கட்டிலை ஒட்டிய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கொய்யாப்பழம் வாங்கிப் போயிருந்தேன். வழியில் விற்றார்கள், வாங்கினேன்.

ஜூன் 29, சனி

முதல் வெற்று வரி. கோட்டூர் ரோட்டுக்காரர். காலையில் காபி குடித்து முடித்துவிட்டுத்தான் கோப்பைத் திறந்தேன். பார்த்தேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் வரியை மூடினேன்.

இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

டீசல் மிச்சம் பிடிக்க எஸ்தர் சிஸ்டர் டீச்சரைச் செவ்வாய்க்கு மாற்றினார். இன்று போய் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார்.

“பழையபடி வெள்ளிக்கெழமையே வரணுமாம். ரூட் அப்படிங்க டீச்சர்னு சொன்னா, ‘ரூட்டு எனக்கா, நான் ரூட்டுக்கா’ன்னு ஒரே சத்தம். நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டேன். பாவம், பேசியிருக்க வேண்டாம். மாத்திக் குடுத்துருவோம் விடு.”

வெள்ளிக்கிழமையில் அப்படி என்ன இருக்கிறதோ. ஏதாவது டிவி தொடராக இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

மழை நசநசவென்று. இரண்டு வேலைகளையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு அல்லாடினேன்.

ஆனைமலைப் பக்கம் சிக்னல் கிடைக்காது. எஸ்தர் சிஸ்டர் வேனில் வைத்து எழுதுவது தனிப் பிரதியாக நின்றுவிடும். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து நானே கையால் ஒன்றாக்குவேன். ஒரு வாரமாகச் செய்யாததால் இன்று ஒரே சிக்கல். சிஸ்டர் பிரதியில் மாற்றியிருந்தபடி டீச்சரை 16 செவ்வாயிலிருந்து 12 வெள்ளிக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அவர் வரியை அங்கிருந்து வெட்டியெடுத்த நேரம் பார்த்து மயில்சாமி அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். வேன் ஸ்டார்ட் ஆகவில்லை, சேத்துமடையில் ஆக்சிஜன் சிலிண்டருக்குக் காத்திருக்கிறார்கள், கடைக்காரர் நம்பர் வேண்டும். நம்பரைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டு, இறங்கிப் போய் வேனைத் தள்ளினேன். சுடிதார் முழுக்கச் சேறு. “அம்மிணி தள்ளுனா லாரியே நவுருமுங்” என்று பாராட்டு வேறு.

திரும்பி வந்து மிச்ச வரிகளை முடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா. அம்மா போனில் ஒரு வரன் பற்றி ஆரம்பித்தாள், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

திட்டத்தைத் திறந்தேன். அடுத்த செவ்வாயின் நடுவில் ஒரு வெற்று வரி.

யார் என்று தெரியவில்லை. மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களை மூன்று தடவை படித்தேன். இல்லாத பெயர் துளசிமணி டீச்சர்.

முதலில் நம்பவே இல்லை. செத்துப்போகிற முகமா அது? போன வாரம் எஸ்தர் சிஸ்டரோடு மல்லுக்கு நின்றவர். அழுதபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெங்களூர்க் கூட்டத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள், நெட் போய்விட்டது என்று சொல்லி மூடிவிட்டேன்.

பிற்பகல் அலுவலகத்தில் எஸ்தர் சிஸ்டரின் கண் சிவந்திருந்தது. பஞ்சை வெட்டிக்கொண்டே, “சண்டையோட அனுப்பி வெச்ச மாதிரி ஆயிருச்சே,” என்று தனக்குள் சொன்னார். கேட்க வாய் வரை வந்தது. எப்போது, எப்படி, வலித்ததா என்று. விதி போட்டவளே மீறுவதா? கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நாலு வீடு. மயில்சாமி அண்ணன் நார் மில் சந்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் “துளசிமணி டீச்சர்”. போனைக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, டீச்சர் போனிலிருந்து தம்பி கூப்பிடுகிறார். சொல்லி அழக் கூப்பிடுகிறார். எடுக்கவில்லை.

அப்பா போன செய்தி வந்த அந்த அழைப்புக்குப் பிறகு, போனில் அழுகிற குரலைக் கேட்க என்னால் ஆவதில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13, சனி

அதே எண்ணிலிருந்து இரண்டு தடவை. எடுக்கவில்லை. பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

சாயங்காலம் வெற்று வரியை மூடினேன். மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒருவர் இருந்ததே தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நார் மில் சந்து முனை வரை நடந்து போனேன். சந்துக்குள் போகவில்லை. சுவரெல்லாம் பார்த்தேன். ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட இல்லை. நாலு நாள் சினிமாவில் நடித்தவனுக்கெல்லாம் ஊர் நிறைய ஒட்டுகிறார்கள். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பெண்களை ஓட வைத்தவருக்கு ஒன்றுகூட இல்லையா? தம்பி என்று ஒருத்தர் எதற்கு இருக்கிறார்? வந்த கோபத்துக்கு அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மயில்சாமி அண்ணனிடம் புலம்பினேன். “திருப்பூருக்கே கொண்டுபோயி முடிச்சிருப்பாங்களுங்,” என்றார்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. அதே எண்ணிலிருந்து மறுபடியும் அழைப்பு. நீண்ட நேரம் அடித்தது. பதினாறாம் நாள் முடியட்டும், நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

கொய்யாப்பழம் விற்றார்கள். வாங்கவில்லை. இப்போது அழைப்பு எதுவும் வருவதில்லை, அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

ஜூலை 22, திங்கள்

சேத்துமடைக்காரருக்குப் படுக்கைப்புண். ஏர்பெட் உடனே வேண்டும், நம்மிடம் உள்ளதெல்லாம் வெளியில். டாக்டர் தயங்கித் தயங்கி, “துளசிமணி டீச்சர் வீட்ல ஒண்ணு இருக்குமில்ல?” என்றார். எஸ்தர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

நானே போகிறேன் என்றேன். யாராவது போகத்தானே வேண்டும்.

மயில்சாமி அண்ணன் வேனைத் துடைத்துக்கொண்டே பாடம் எடுத்தார். “துக்கம் கேக்கற வீடுங் அம்மிணி. உள்ள போனதும் மெத்தையப் பத்திப் பேச்செடுக்க வேண்டாம். அப்புறம் கெளம்பும்போது வர்றேன்னு சொல்லிப்போடாதீங்க. நீங்க எங்க போனாலும் வர்றேன் வர்றேன்னு நாலு தடவ சொல்லுவீங்க. அங்க சொல்லக் கூடாது. பேசாமப் பொட்டாட்டம் எந்திரிச்சு வந்தறணும்.”

சரி என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

டீச்சர் உயிரோடு இருக்கிறார்.

பேனா பிடிக்க முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 24, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சந்துக்குள் வேன் நுழையாது. மயில்சாமி அண்ணன் முன்னால், நான் பின்னால். பாக்கியம் வீடு பூட்டியிருந்தது, மில்லுக்குப் போயிருப்பாள். டீச்சர் வீட்டு வாசலில் துக்கத்தின் அடையாளம் ஒன்றும் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தம்பி குடும்பம் வந்து தங்கியிருக்கிறது என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்தேன். துக்கத்துக்கென்று சேலை கட்டிப் போயிருந்தேன்.

கதவைத் தள்ளினேன். கட்டிலில் டீச்சர்.

கத்திவிட்டேன். மயில்சாமி அண்ணன் என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டு, “அய்யோ சாமி!” என்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது டீச்சர்தான், ஆனாலும் என் மூளை ஏற்றுக்கொள்ளவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டையெல்லாம் வியர்வை. விசிலைப் பல்லுக்கிடையில் கவ்வியிருந்தார், ஊத அல்ல, கடிக்க. சுவரில் சுண்ணாம்பு புதிதாகப் பெயர்ந்திருந்தது.

விசிலைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வந்துட்டயா கண்ணு,” என்றார். “கோவம் போயிருச்சா?”

“என்ன கோவம் டீச்சர்?” என்றேன்.

“நர்ஸம்மாகிட்டச் சத்தம் போட்டனே. நாள மாத்து மாத்துன்னு தொந்தரவு பண்ணுனா யாருக்குத்தான் கோவம் வராது? வெள்ளிக்கெழம பாத்தேன், வரல. சரி, ரெண்டு நாள்ல தணியும்னு பாத்தேன். உனக்குக் கூப்புட்டேன், எடுக்கல. நீயும் அவங்க பக்கந்தான்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டேன். செவ்வாக்கெழமையானாலும் பரவால்லைன்னு சொல்லத்தான்.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரையைப் பாதியாக உடைத்திருக்கிறார், அப்புறம் காலாக. பாக்கியம் காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடை கடையாக ஏறியிருக்கிறாள். இதெல்லாம் இங்கே கிடைக்காது என்று ஒரு கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து விரட்டியிருக்கிறார். எங்கள் அலுவலகத்துக்கே போகிறேன் என்று கிளம்பியவளை டீச்சர்தான் தடுத்திருக்கிறார். மேலும் கோபப்படுவார்களாம். எங்களுக்கு. கோபமாம்.

“நீங்க எதுக்கு வந்தீங்க? மாத்திரை கொண்டாந்தீங்களா?” என்று கேட்டார்.

எங்கள் கையில் மாத்திரை இல்லை. மெத்தையை மடித்துக் கட்டக் கொண்டு வந்த கயிறு மட்டும் மயில்சாமி அண்ணன் தோளில் இருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “டாக்டர், டீச்சர் இருக்காங்க” என்றதும், “எந்த டீச்சர்?” என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. டாக்டரும் எஸ்தர் சிஸ்டரும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். எஸ்தர் சிஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போய் ஊசி போட்டார். டீச்சரின் தாடை மெல்ல மெல்லத் தளர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூங்கிப்போனார்.

கிளம்பும்போது கண் விழித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்தது அதுதானே. சந்து முனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இருக்கிறவரிடம், வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

ஜூலை 25, வியாழன்

அலுவலகத்தில் வெடித்துவிட்டேன். அந்த வரியை அழித்தது யார் என்று கேட்டேன். டாக்டர், எஸ்தர் சிஸ்டர் அழித்தார் என்று நினைத்தாராம். எஸ்தர் சிஸ்டர், டாக்டருக்குத் தகவல் வந்து டாக்டர் அழித்தார் என்று நினைத்தாராம். மயில்சாமி அண்ணன் கோப்பைப் படிப்பதோடு சரி, தொடுவதில்லை. நாலு பேரும் துக்கம் அனுசரித்திருக்கிறோம், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

“அந்த வாரம் அவங்க வரியத் தொட்டது நீங்கதான் சிஸ்டர். வேன்ல வெச்சு வெள்ளிக்கு மாத்தி எழுதுனீங்க. கவனமில்லாம அழிச்சிருக்கீங்க. சண்ட போட்ட கோவம் வேற,” என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

எஸ்தர் சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “எனக்கே அப்படித்தான் தோணுது வாணி,” என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 26, வெள்ளி

எந்தத் தேதியில் அழிந்தது என்று எஸ்தர் சிஸ்டருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக இந்த நோட்டைப் புரட்டினேன்.

ஜூலை 9.

படித்தேன். என் கையெழுத்துதான். “அவர் வரியை அங்கிருந்து வெட்டியெடுத்த நேரம் பார்த்து.” வெட்டியெடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னாலேயே கடைக்காரர் நம்பரை நகலெடுத்து அனுப்பினேன், வெட்டி வைத்திருந்தது அதில் போய்விட்டது. டீச்சரைத் திரும்ப ஒட்டவே இல்லை. மறுநாள் நான் போட்ட பள்ளத்தைப் பார்த்து நானே அழுதிருக்கிறேன்.

மேலே எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். கொய்யாப்பழம், போஸ்டர், பாத்திரம். “அவர்களுக்கும் புரிந்திருக்கும்.” இதை எழுதியவளை அறைய வேண்டும் போலிருக்கிறது.

எஸ்தர் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். மீன் கையோடு படிக்க முடியாது என்றார், நானே படித்துக் காட்டினேன். கையிலிருந்த மீனை ஆய்ந்து முடித்தார். அப்புறம், “என்னைய அவ்வளவு பேசுனியே,” என்றார். ஆமாம் என்றேன். “இரு, கைய கழுவிட்டு வர்றேன். டீச்சருக்கு மூணு மணிக்கு மாத்திரை.”

அங்கே டீச்சரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வரி, வெட்டியது, வெற்றிடம், எடுக்காத போன் எல்லாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சயா?”

“ஆமாங் டீச்சர்.”

“கோவம் இல்லையா?”

“இல்லீங்.”

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. வெறுத்துவிட்டோம் என்று நினைத்ததைவிடச் செத்துவிட்டார் என்று நினைத்தது அவருக்குப் பரவாயில்லையாம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கிளம்பும்போது, “வர்றேன் டீச்சர்,” என்றேன். நாலு தடவை சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

திட்டத்தில் இனி எந்த வரியும் அழிக்கப்படாது. யாராவது போய்விட்டால் “இறந்தார்” என்று முழு வார்த்தையில் எழுத வேண்டும். யார் பார்த்தது, யார் சொன்னது என்று பெயர் வேண்டும். வாய்விட்டுக் கேட்க வேண்டும். டாக்டர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். மயில்சாமி அண்ணன் அதற்குக் கீழே பேனாவால் “போனை எடுக்கவும்” என்று சேர்த்திருக்கிறார். யாருக்கு என்று போடவில்லை.

டீச்சருக்கு வலி அடங்கியிருக்கிறது. ஆனால் உடம்பு இறங்கிவிட்டது. அந்த நாட்கள் இல்லாவிட்டாலும் நோய் இந்த வேகத்தில்தான் போயிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். நல்ல மனுஷி, அப்படித்தான் சொல்வார்.

“அந்த வெத்து வரியப் பாத்து எவ்வளவு நேரம் அழுத?” என்று கேட்டார் டீச்சர்.

“சாயங்காலம் வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம்... கொஞ்ச நாள் கழிச்சு, உங்க மெத்தை யாருக்கு ஆகும்னு பாத்தோம்.”

விசில் சத்தம் போலச் சிரித்தார். “கயிறப் பாத்தேன் கண்ணு. நெசமாச் செத்தா ஒரு முழு நாள் அழுகோணும். பாதிய முன்னாடியே அழுதாச்சுன்னு கழிச்சுப்போடாத.”

வெளியே வந்ததும் பாக்கியத்திடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை அவருக்கு அப்படி என்ன டிவி தொடர் என்று. பாக்கியம் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“தொடரா? வெள்ளிக்கெழமதானுங்க நீங்க வருவீங்க.”

ஆகஸ்ட் 9, வெள்ளி

கொய்யாப்பழம். டீச்சரால் சாப்பிட முடியவில்லை, மோந்து பார்த்தார். முதுகை நிமிர்த்தச் சொன்னார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டீச்சருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலி இருக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

காலை பெங்களூர்க் கூட்டத்தின் நடுவில் போன். “துளசிமணி டீச்சர்.”

முதல் மணியிலேயே எடுத்தேன். பாக்கியம். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அழுதாள். எனக்குப் போனைத் தூக்கியெறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை கேட்டேன். அப்புறம் நானும் அழுதேன், அவள் கேட்டாள். பக்கத்தில்தான் இருந்தாளாம். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. சுவரில் புதிதாக ஒன்றுமில்லை.

டாக்டரையும் எஸ்தர் சிஸ்டரையும் கூப்பிட்டு வாயால் சொன்னேன். அதன் பிறகுதான் கோப்பைத் திறந்தேன். “துளசிமணி டீச்சர் இறந்தார். பாக்கியம் பக்கத்தில் இருந்தாள். வாணி கேட்டாள்.”

நாலு பேரும் போனோம். தம்பி வந்திருந்தார். நான் திட்டிய அளவுக்கு மோசமானவர் இல்லை. சந்து நிறையப் பெண்கள், நரைத்த தலையும் கறுத்த தலையுமாக. யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து எழுந்தோம். வாசற்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்து, “வர்றேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே.

மயில்சாமி அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.